நாற்பது கைபேசிக்குப் பொட்டு வைத்த கை

கரிசல் காட்டு வெயிலைக் கண் கூசாமல் பார்த்து வளர்ந்த கண்மணியே! கையில் எடுத்த கருவி எதுவானாலும் அதன் குறை காணாமல் கீழே வைக்காத கூர்விழியே! கோவில்பட்டித் தொழிற்பேட்டையில் கரிசல் மின்கருவியகம் எனும் நம் சிறு நிறுவனத்தின் சோதனைப் பிரிவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் தலைவியாகவும் தாயாகவும் தயவு பாராத நீதிபதியாகவும் விளங்கியவரே! அஞ்சாமையும் அயராமையும் ஆறாத அன்பும் ஒருங்கே அமைந்த அழகுத்தாய் அம்மையாரே! பணி நிறைவு பெறும் இந்நாளில் உடன் உழைத்த நாங்கள் அனைவரும் எழுந்து நின்று உங்களை வணங்குகிறோம்.

இதைப் படித்து முடிப்பதற்குள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நீங்கள் நாற்காலியை விட்டு எழப் பார்ப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு ஆண்டுகளில் முகத்துக்கு நேரே உங்களைப் புகழ்ந்தவர் எவரும் இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டியதில்லை. "சரி சரி, போயி வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள்தான் முதலில் நடையைக் கட்டுவீர்கள். ஆகவே இனி உங்களிடம் பேசப் போவதில்லை. உங்களைப் பற்றி இந்தச் சபையோரிடம் பேசப் போகிறோம். அழகுத்தாய் என்பவர் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். காப்பி வந்துகொண்டிருக்கிறது.

சபையோரே! அழகுத்தாய், நம் முதலாளி லிங்கராஜ் அண்ணாச்சி குடும்பத்தாரின் தீப்பெட்டி ஆபீசுக்குப் பதினெட்டு வயதில் குச்சி அடுக்க வந்தவர். அண்ணாச்சி குடும்பத் தொழிலை விட்டுப் பிரிந்து மின்கருவித் தொழில் தொடங்கியபோது, "படிச்ச ஆளு எனக்குப் பத்துப் பேரு கெடைப்பாவ, பொய் சொல்லாத கண்ணு ஒண்ணுதான் வேணும்" என்று சொல்லி அவரைக் கையோடு அழைத்துவந்தார். முதலில் டார்ச் விளக்கு, பிறகு சார்ஜர், பிறகு கைபேசி என்று நம் நிறுவனம் வளர்ந்தபோது ஒவ்வொன்றும் அந்தக் கண்ணைத் தாண்டித்தான் வாசலைத் தாண்டியது. திரையில் ஒரு விரல் ரேகை தெரிந்தால் போதும், பெட்டி திரும்பி வந்துவிடும். "ஏட்டி, இது கண்ணாடியா, கருப்பட்டி தின்ன கையத் தொடைக்குத துணியா?" என்று அவர் கேட்டதைக் கேளாத பெண் சோதனைப் பிரிவில் ஒருத்தியும் இல்லை. கண்ணாடியை விரலால் தொடாதே என்பது அவர் போட்ட முதல் சட்டம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நமக்கு ஒரு பெரிய வேலை வந்தது. எட்டயபுரம் வட்டாரத்து ஆடு வளர்ப்போர் சங்கத்தார், வெட்டவெளியில் கிடை போட்டு மந்தையோடு நாள் கணக்கில் அலையும் தங்கள் ஆட்களுக்கு ஒரு கைபேசி கேட்டார்கள். மழையும் இடியும் வருவதை முன்கூட்டியே அது சொல்ல வேண்டும்; சார்ஜ் போட இடமில்லாத காட்டில் மூன்று நாள் தாங்க வேண்டும்; எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் எளிதில் புரிய வேண்டும். ஐப்பசி இடிக்கு ஆளையும் ஆட்டையும் பறிகொடுத்துப் பறிகொடுத்து அலுத்துப்போனவர்கள் கேட்ட கேள்வி அது.

அதற்கு நம் மென்பொருள் பிரிவின் மாரிராஜ் கண்ட விடைதான் இரட்டைத்திரைக் கைபேசி. முன்புறம் வழக்கமான வண்ணத் திரை. அது பேசுவதற்கும் படம் பார்ப்பதற்கும். பின்புறம் காகிதம் போன்ற சாம்பல் திரை. அதில் எழுத்து மாறும் நொடியில் மட்டும் மின்சாரம் செலவாகும். மற்ற நேரமெல்லாம் சும்மா கிடந்தபடியே செய்தியைக் காட்டும். உச்சி வெயிலிலும் அச்சடித்த மாதிரி தெரியும். எந்தத் திரை தேவையோ அது மட்டும் விழித்திருக்க, இரண்டு திரைக்கு மேலேயும் வெளிச்சம் பார்க்கும் சிறு கண் ஒன்றை வைத்தார் மாரிராஜ். இரண்டு கண்ணும் இருட்டானால் கைபேசி பைக்குள் இருக்கிறது. இரண்டு திரையும் தூங்கலாம். பின்கண் மட்டும் இருட்டானால் பின்புறம் உள்ளங்கையில் இருக்கிறது, ஆள் வண்ணத் திரையைப் பார்க்கிறார். அதை எழுப்ப வேண்டும். வெயிலுக்கு ஏற்ப அதன் வெளிச்சத்தையும் கூட்ட வேண்டும். எளிமையான ஏற்பாடு. அழகுத்தாய் அதை மூன்று மாதம் சோதித்தார். ஈரக் கையால் பிடித்தார், ஒற்றைக் கண்ணை மூடிப் படித்தார், மத்தியான வெயிலில் தொழிற்பேட்டைத் தார்ச்சாலையில் நடந்துகொண்டே பேசினார். "எழுத்து இன்னும் பெருசா வேணும் தம்பி. கெடைக்காரரு கண்ணாடிய வீட்டுல வச்சுட்டுத்தான் காட்டுக்குப் போவாரு" என்று மாரிராஜைப் பதினோரு முறை திருப்பி அனுப்பினார். பன்னிரண்டாம் முறை தலையை அசைத்தார். மாரிராஜ் அன்று தெருவில் நின்று சிரித்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

முதல் நாற்பது கைபேசிகளைச் சங்கத்தாரிடம் ஒப்படைக்க ஆயுத பூசை நாளைக் குறித்தார் அண்ணாச்சி. அன்று நம் கூடத்தில் எந்திரங்கள், ஸ்குரூடிரைவர், வாசல் கதவு, அண்ணாச்சியின் ஸ்கூட்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. நாற்பது கைபேசியும் வாழையிலையில் வரிசையாகக் கிடந்தன. புதுப்பொருளை வெறும் நெற்றியோடு கொடுத்தனுப்ப யாருக்கு மனம் வரும்? அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, அழகுத்தாய் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, வண்ணத் திரையைத் தொடக்கூடாது என்று கவனமாகப் புரட்டி, சாம்பல் திரைக்கு மேலே, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் மோதிர விரலால் சந்தனம் வைத்து, அதன் நடுவே குங்குமமும் வைத்தார். சங்கத்தார் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நாங்கள் எல்லாரும் கை தட்டினோம்.

பத்து நாளில் புகார் வந்துவிட்டது. மூன்று நாள் தாங்கும் என்ற கைபேசி மத்தியானத்துக்குள் அணைந்துபோகிறது என்றார்கள். ஒன்றல்ல, நாற்பதும். திரும்பி வந்தவற்றை அழகுத்தாய் சாம்பல் திரை மேலே தெரிய மேசையில் வைத்துச் சோதித்தார். மூன்று நாள் நான்கு மணி நேரம் ஓடின. திருப்பிக் கொடுத்தோம், அங்கே போனதும் மத்தியானத்தில் அணைந்தன. மாரிராஜ் தான் எழுதியதை வரி வரியாகப் படித்தார், ஊணும் உறக்கமும் மறந்தார், ஒன்றும் பிடிபடவில்லை. அப்படி இருக்கும்போதுதான் ஐப்பசி முதல் வாரத்தில் உச்சிமாகாளி என்ற கிடைக்காரரின் மந்தையில் இடி விழுந்தது. பதினோரு ஆடுகள் செத்தன. தண்ணீர் குடிக்க ஓடைப்பக்கம் போயிருந்ததால் அவர் பிழைத்தார். இடிக்கான எச்சரிக்கை நம் கணினியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பே போயிருந்தது. அதை வாங்க வேண்டிய கைபேசி அணைந்து கிடந்தது.

அன்று மாலை அண்ணாச்சி எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "மாரிராஜ், ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா நாளைக்கு ஒரு ஆளு போயிட்டா நான் எந்த மூஞ்சிய வச்சு அங்கன போயி நிப்பேன்? திங்கக்கிழம மீட்டிங்குல முடிவு பண்ணுதேன். வேற ஆளப் பாத்துக்கிட வேண்டியதுதான்." தான் எழுதிய ஏதோ ஒரு வரியால் ஒரு மனிதர் சாக இருந்தார் என்று மாரிராஜே நம்பத் தொடங்கிவிட்டார். வேலை போவதைவிட அதுதான் அவரை அரித்தது. ஒரு நல்ல வேலைக்காரன் தன் கைமேல் நம்பிக்கை இழந்து நிற்பதை அழகுத்தாயால் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை அவர் விடுப்புச் சொல்லிவிட்டு எட்டயபுரம் பஸ்ஸில் ஏறினார். அங்கிருந்து கருவேலங்காட்டு ஓரமாக, ஈரக் கரிசல் செருப்பில் அப்பிக் கல்லாய்க் கனக்க, இரண்டு மைல் நடந்து உச்சிமாகாளியின் கிடையைக் கண்டுபிடித்தார். மணி பன்னிரண்டு. ஊன்றிய கம்பில் கைபேசி கயிற்றில் தொங்கிக் காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் புத்தம் புதிதாக இருந்தன.

"என்ன உச்சிமாகாளி அண்ணாச்சி, பொட்டு இன்னும் அழியலியே?" என்று கேட்டார் அழகுத்தாய்.

"அழிய விடுவமா தாயி? செவ்வாய், வெள்ளி தவறாம நாங்கதான் வைக்குதோம். நீங்க மொத மொத வச்சுக் குடுத்தீக. சாமானுக்கு இதுதான் மொறை போலன்னு சங்கத்துல எல்லாரும் இப்படித்தான் வைக்குதாவ."

"பின்னே கம்பெனிக்கு வந்தப்ப ஒண்ணுலயும் பொட்டக் காணுமே?"

"ஒங்க எடத்துக்குக் குடுத்து விடுத பொருள அழுக்கோட குடுக்கலாமா? சுத்தமாத் தொடச்சுத்தான் குடுத்தோம்."

அழகுத்தாய் கைபேசியைக் கையில் எடுத்தார். பொட்டு சரியாகப் பின்கண்ணின் மேல் உட்கார்ந்திருந்தது. வெயிலில் கண்ணுக்குத் தெரியாதபடி, முன்புற வண்ணத் திரை முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. முந்தானையால் மறைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பின்கண் எப்போதும் இருட்டு. அதனால் யாரோ தன்னை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று நம்பி, அந்தக் கைபேசி காலை முதல் யாருக்கும் இல்லாமல் எரிந்து தீர்ந்துகொண்டிருந்தது. அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது அவருடைய விரல். கண்ணாடியைத் தொடாதே என்று ஊருக்கெல்லாம் சட்டம் போட்ட அதே விரல்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் தனக்குள் என்ன ஓடியது என்பதை, பின்னொரு நாள் சாப்பாட்டு வேளையில் சோதனைப் பிரிவின் முத்துச்செல்வியிடம் அவரே சொன்னார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியதாம். 'பொட்டு வைக்க வேண்டாம்' என்று சங்கத்துக்கு ஒரு வார்த்தை போதும், நாற்பதும் சரியாகிவிடும், எப்படிச் சரியானது என்று யாரும் கேட்கப் போவதில்லை. பணி முடிய இரண்டு ஆண்டுதான் பாக்கி. சோதனைப் பிரிவில் இருந்துகொண்டு ஆளைக் கொல்லப் பார்த்தவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக யாருக்குத்தான் ஆசை? ஆனால் அப்படி விட்டால் மாரிராஜ் ஆயுசுக்கும் தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டு திரிவார். கோவில்பட்டிக்கு முந்தைய நிறுத்தத்தில் பஸ் நின்றபோது அவர் முடிவுக்கு வந்துவிட்டார். மனசு லேசாகவில்லை, பயம்தான் கூடியது என்றும் அவரே சொன்னார்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு அவர் ஒரு கைபேசியோடும் சந்தனக் கிண்ணத்தோடும் வந்தார். எல்லாரும் பார்க்க, கைபேசியின் நெற்றியில் சந்தனம் வைத்தார். சன்னல் கம்பியில் வெயிலில் தொங்கவிட்டார். தூங்கிக்கொண்டிருந்த வண்ணத் திரை சட்டென்று விழித்தது. பொட்டைத் துடைத்தார், அணைந்தது. மறுபடி வைத்தார், எரிந்தது. பேச வேண்டியதில்லை. ஆனாலும் அவர் பேசினார்.

"மாரிராஜு எழுதினதுல ஒரு எழுத்துப் பிசகில்ல அண்ணாச்சி. பொட்டு வச்சது நான். எங்கன கண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருந்தும் அது மேலயே வச்சேன். அந்தப் பதினோரு ஆடும் என் கணக்கு. யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்தார், முகத்தைத் துடைத்தார், மறுபடி மடித்துப் பையில் வைத்தார். பிறகு எழுந்து வந்து அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"நீங்க வச்சீக, கிண்ணத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு? நான்தான? போறதா இருந்தா ரெண்டு பேருமாத்தான் போவணும் அக்கா. இப்ப உக்காருங்க. இத எப்படிச் சரி பண்ணலாம்னு சொல்லுங்க."

மறுநாள் இருவரும் உச்சிமாகாளியிடம் போனார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்கள். பதினோரு ஆட்டுக்கும் ஈடாக ஆடு வாங்கிக் கொடுத்தார்கள். அவர், "சொல்ல வந்தீகளே, அது போதும்" என்றார்.

சரி செய்வது எளிது என்றுதான் எங்களில் பலர் நினைத்தோம். பொட்டு வைக்கக் கூடாது என்று ஒரு தாள் அச்சடித்துப் பெட்டிக்குள் போட்டால் முடிந்தது. அழகுத்தாய் ஒப்பவில்லை. "வைக்காதீயன்னா வைக்க மாட்டாவ. ஆனா அதுக்கப்புறம் அது அவிய சாமான் இல்ல, நம்ம சாமானு. நம்ம சாமானக் காட்டுக்கு எடுத்துட்டுப் போவாவளா, வீட்டுல பூட்டி வைப்பாவளா?" என்று கேட்டார்.

ஆகவே கைபேசிதான் மாறியது. வெளிச்சம் பார்க்கும் கண்களை மாரிராஜ் விளிம்புக்குக் கொண்டுபோனார். இனி கண்ணை மட்டும் நம்பாமல், எந்தப் பக்கம் கட்டைவிரல் பிடித்திருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் திரை விழிக்கும். யாரும் தொடாவிட்டால் வண்ணத் திரை அரை நிமிடத்தில் தூங்கிவிடும். விளிம்பில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் முன்திரையில் இருப்பது பின்திரைக்குப் போகும். கண் தெரியாத இருட்டிலும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம். சாம்பல் திரைக்கு மேலே, முன்பு கண் இருந்த இடத்தில், விரல் நுனி அளவுக்கு ஒரு சிறு குழி விட்டார்கள். அதன் அடியில் கம்பியும் இல்லை, கண்ணும் இல்லை. அது பொட்டுக்கு.

இன்னொன்றையும் அழகுத்தாய் சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் அவர்கள் ஊருக்குள் வந்து அம்மன் கோயிலுக்குப் போகிற நாள். பொட்டு வைக்கும் அன்றே சார்ஜும் போடச் சொன்னால் வேறு எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நடக்கிறது. வண்ணத் திரை வீணாக எரியாததால், வெள்ளிக்கிழமை போட்ட சார்ஜ் இப்போது நான்கு நாள் தாங்கிச் செவ்வாய் வரைக்கும் நிற்கிறது. நாற்பது இன்று அறுநூறு ஆகிவிட்டது. சென்ற ஐப்பசியில் எச்சரிக்கை வந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு மேட்டை விட்டு இறங்கியவர்களில் உச்சிமாகாளியும் ஒருவர். அவர் அதோ மூன்றாம் வரிசையில், துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்று அவர் கிடையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

இனி உங்களிடமே பேசலாம் அம்மையாரே. நீங்கள் எழவில்லை; நன்றி.

உங்கள் கூர்மையைப் புகழ இத்தனை சொற்கள் எடுத்தோம். ஆனால் கூர்மை உள்ளவர்கள் இன்னும் பலர் வருவார்கள். தன் தவறைத் தானே கையில் ஏந்தி, சந்தனக் கிண்ணத்தோடு சபை நடுவே கொண்டுவந்து வைத்தவர் நீங்கள் ஒருவர்தான். அன்று முதல் நம் நிறுவனத்தில் எவரும் தம் தவறை ஒளிப்பதில்லை. ஒளிக்க நினைக்கும்போதெல்லாம் சன்னல் கம்பியில் தொங்கிய அந்தக் கைபேசி எங்கள் கண்முன் வந்து நிற்கிறது. இதைவிடப் பெரிய சொத்தை எங்களுக்கு விட்டுப் போக உங்களால் முடியாது.

உங்கள் முழங்கால் வலி உங்களை விட்டு விலகட்டும்; உங்கள் கண்ணொளி என்றும் மங்காதிருக்கட்டும்; மத்தியானத்தில் தூங்கும் சுகத்தை, வாழ்க்கையில் முதல் முறையாக, நீங்கள் அனுபவித்து அறிவீர்களாக; பேரன் பேத்தியர் சூழ, பிணியும் பிரிவும் அணுகாமல், பெருவாழ்வு பெற்று நீங்கள் விளங்க, எங்கள் உள்ளமெல்லாம் ஒன்றாய் நின்று வேண்டுகிறது.

இந்த மடலை ஊழியர்கள் அனைவர் சார்பிலும் எழுதியவர் மாரிராஜ். தானே வாசித்தால் குரல் உடையும் என்று முத்துச்செல்வியிடம் தாளைக் கொடுத்துவிட்டுப் பின்னால் தூணோரம் நிற்கிறார். இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் மாட்டிய கடைக்காரரிடம் அவர் ஒரு விசித்திரமான வேண்டுகோள் வைத்தார்: இதற்கு இரண்டு பக்கமும் கண்ணாடி வேண்டும். முன்பக்கம் இந்த மடல். பின்பக்கம், அந்தத் திங்கட்கிழமை கூட்டத்துக்கு அவர் சட்டைப் பையில் கொண்டுவந்து, நீங்கள் பேசி முடித்தபின் எவரிடமும் காட்டாமல் திருப்பி வீட்டுக்கு எடுத்துப்போன ராஜினாமாக் கடிதம். தேதி போட்டிருக்கிறது. கையெழுத்தும் இருக்கிறது. இன்று வரை உங்களுக்கும் அது தெரியாது.

அம்மா, இதை வீட்டுக்கு எடுத்துப் போகும் முன், சந்தனக் கிண்ணம் மேசையில் இருக்கிறது. கண்ணாடியைத் தொடாதே என்ற சட்டத்தை இன்று ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் கையால் இதற்கு ஒரு பொட்டு வையுங்கள். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைக்கலாம். உள்ளே கண் எதுவும் இல்லை, நாங்கள் சோதித்துவிட்டோம்.

உங்கள் கண்டிப்பில் கற்றுக்கொண்ட,
கரிசல் மின்கருவியகத்தின் ஊழியர்கள் அனைவரும்,
கோவில்பட்டி.